பொருட்காட்சியின் முதுகுப்பக்கம்

பொருட்காட்சிக்குப் போக ஆசைப்பட்டவர் அவர். போக வேண்டியவள் அவர் பெண்டாட்டி. அந்த வீட்டில் கொஞ்ச காலமாக எல்லாமே இப்படித்தான், ஆசை ஒருத்தருக்கு, கால் இன்னொருத்தருக்கு.

தெருவில் அவருக்குப் பெயர் கரண்ட்காரர். ஊருக்கு வெளியே பெரிய மைதானத்தில் வருஷா வருஷம் மாநிலப் பொருட்காட்சி நடக்கும். கொட்டகைக்குக் கம்பு நடும் நாளிலிருந்து கடைசிப் பல்பைக் கழற்றும் நாள்வரை அதற்கு விளக்குப் போடும் ஆட்களில் அவரும் ஒருவராக இருந்தார். பிறகு ஒரு துணிக்கடைப் பலகைக்கு விளக்கு மாட்டும்போது ஏணி சரிந்தது. உயிர் பிழைத்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வலது கை மட்டும் எப்போதாவது மனசு வந்தால் அசையும்.

அப்படிப் படுத்திருக்கிற உடம்பை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலும் அப்படித்தான், ராத்திரியும் அப்படித்தான். திருப்புவது என்றால் சும்மா புரட்டுவதில்லை. தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை, கட்டில் விளிம்பில் ஒரு முழங்காலை முட்டுக் கொடுத்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. கடைசியில் அடியில் இருக்கிற துணியைத் தடவிச் சுருக்கம் எடுக்க வேண்டும். ஒரு சுருக்கம் போதும், புண்ணுக்கு வழி காட்ட.

இதை ஊரில் நாலு பேர் செய்யலாம். அவர் விட மாட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரெண்டு ஆட்கள், தங்களுக்குள் மச்சினன் கதை பேசிக்கொண்டே, மூட்டையைப் புரட்டுகிற மாதிரி அவரைப் புரட்டிவிட்டுப் போனார்களாம். அன்றைக்கு முடிவு பண்ணினார், இனிமேல் இவள் கையைத் தவிர வேறு கை படக் கூடாது என்று. பிடித்தால் பிடித்த பிடிதான் அவருக்கு. ஆகவே மூன்று வருஷமாக அவள் சேர்ந்தாற்போல ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினதில்லை. மற்ற நேரத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். சில நாள் பொத்தானோடு தன் முந்தானையையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். எழுந்திருக்கும்போதுதான் தெரியும், சட்டையும் கூடவே எழுந்து வரும்.

களைப்பு என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். எதைக் கேட்டாலும் 'ம்'. சாப்பாடு போதுமா, 'ம்'. போதாதா, அதற்கும் 'ம்'. விட்டத்தில் என்னதான் எழுதியிருக்கிறதோ, அதையே படித்துக்கொண்டு கிடந்தார். இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் ஒலிபெருக்கி கட்டின வண்டி தெருவில் வந்தது. மாநிலப் பொருட்காட்சி, வாரீர், காணீர், ராட்சத ராட்டினம், மரணக் கிணறு, உடம்பில்லாமல் பேசும் அதிசயப் பெண் என்று கத்திக்கொண்டு போனது.

"இந்த வருஷம் மெயின் போர்டை எங்க வெச்சிருப்பானுங்க?" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த ஊசி விழுந்தது. பல வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம்.

"எங்க வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். அங்கேதான் வினை ஆரம்பமானது. சும்மா இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. நீ போய்ப் பார்த்துட்டு வா, போய்ப் பார்த்து எனக்கு வந்து சொல்லு. அவள் ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் வழி சொல்வார்.

"பஸ்ல இறங்கினதும் பெரிய வளைவு இருக்கும். அதுல போகாத. கூட்டம். அதை விட்டுட்டு சுவரோரமா வந்தீன்னா ஒரு தகரக் கதவு. அங்க காவலாளி இருப்பாரு. என் பேரைச் சொல்லு, விட்டுடுவாரு. சொல்லு பார்ப்போம்."

"தகரக் கதவு. உங்க பேரு."

"அப்புறம்?"

"அப்புறம் கம்பத்தை எண்ணிக்கிட்டே போகணும். மூணாவது கம்பத்துல இடது பக்கம்."

"சபாஷ். அங்கிருந்து ஒயர் எப்படிப் போகுதோ அப்படியே நீயும் போ. ஒயரை விட்டுடாத. ஒயர் போற இடமெல்லாம் பொருட்காட்சிதான்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவள் ஒப்பிப்பாள். ஒப்பித்துக்கொண்டே தலையணையை வைப்பாள், ஒப்பித்துக்கொண்டே சுருக்கம் எடுப்பாள். தப்பாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. கோபப்படுகிற ஆள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் பகல் முழுக்க அவள் இல்லையென்றால் அவரைத் திருப்புவது யார்? இந்தக் கேள்வியிலேயே திட்டம் படுத்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். அவரே வழி சொன்னார். "அக்காவைக் கூப்பிடு. ஒரு நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கறேன்."

அக்கா என்பது அவளுக்கு நாத்தனார். ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. நூறு பிள்ளைகளுக்கு வேகிற அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிற கை. அந்தக் கையை நினைத்தால் அவருக்கே கொஞ்சம் பயம்தான்.

இங்கேதான் அவள் மனசுக்குள் ஒரு திருட்டு எண்ணம் புகுந்தது. நாத்தனார் ஒரு நாள் முழுக்க வந்து உட்காரப் போகிறாள் என்றால், பஸ் ஏறிப் போய் ராட்டினம் பார்ப்பானேன்? உள்ளறையில் பாயை விரித்து, கதவைச் சாத்தி, பிணம் மாதிரி தூங்கினால் ஆகாதா? அவளுக்கு ராட்டினமும் வேண்டாம், அதிசயப் பெண்ணும் வேண்டாம். தூக்கம் வேண்டும். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம், யாரும் எழுப்பாத தூக்கம். ஆனால் பொருட்காட்சிக்காக என்றுதான் அவர் வேறு கையை ஒப்புக்கொண்டிருக்கிறார். தூக்கத்துக்காக என்று கேட்டால், 'நான் உனக்குப் பாரமாயிட்டேனா' என்பார். அந்தக் கேள்விக்கு எந்தப் பெண்டாட்டியிடமும் நல்ல பதில் கிடையாது. எனவே வாயை மூடிக்கொண்டு கம்பத்தை எண்ணக் கற்றுக்கொண்டாள்.

நாத்தனார் குறித்த நாள் காலையில் வந்து இறங்கினாள். வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "காட்டு, எப்படித் திருப்பணும்?" என்றாள். அவள் காட்டினாள்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன்."

"அண்ணி, கடைசில துணியைத் தடவி விடணும்."

"தடவறேன், தடவறேன். உன் புருஷனை நான் இடுப்புல தூக்கித் திரிஞ்சவ. நீ கிளம்பு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மூணாவது கம்பம்!"

"இடது பக்கம்," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். பெரிய விஷயத்துக்குப் போகிற ஆளைப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அங்கேயே தூங்கியிருப்பாள், பொருட்காட்சியைத் தாண்டிப் போயிருப்பாள். நின்றுகொண்டே ரெண்டு தடவை முன்னால் இருந்தவர் தோளில் சாய்ந்து, ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

மைதானத்தில் இறங்கினால் கோபுரம் மாதிரி வளைவு, ஜனங்கள் சாரி சாரியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரோரமாகப் போனாள். தகரக் கதவு இருந்தது. காவலாளி வேறு ஆள்தான், ஆனாலும் உள்ளே இருந்த வயசான ஆள் ஒருவர் பெயரைக் கேட்டதும், "அட, கரண்ட்காரர் வீட்டம்மாவா, விடுப்பா" என்றார். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கம்பத்தை எண்ணினாள். ஒன்று, ரெண்டு, மூன்று. இடது பக்கம் திரும்பி, ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நடந்து, நடந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, தான் பார்ப்பது எல்லாமே கடைகளின் முதுகு என்று.

முன்பக்கத்தில் வாத்தியமும் சிரிப்பும் கேட்டது. அவள் பக்கத்தில் சாக்கு, கயிறு, காலிப் பெட்டி, பாத்திரம் கழுவின தண்ணீர். ராட்டினத்தின் அடியில் எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பெண் பலகைக்குப் பின்னால் கொடி கட்டி ஈரத்துணி உலர்த்தினாள். ஒரு கூடாரத்துக்குப் பின்னால் முகம் முழுக்கப் பவுடர் பூசின ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே டீ குடித்தாள். "என்னம்மா பார்க்கறே? நான்தான் உடம்பில்லாத பொண்ணு. உள்ள மடக்கி மடக்கி உட்கார்ந்து காலு செத்துப்போச்சு," என்றாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பொருட்காட்சி இதுதான். கூட்டம் வருகிற நேரத்தில் அவர் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் வீட்டில் தூங்குவார். அத்தனை வருஷம் பொருட்காட்சிக்கு விளக்குப் போட்ட மனுஷன் ஒரு தடவைகூட டிக்கெட் எடுத்து உள்ளே போனதில்லை. இது அவருக்கும் தோன்றவில்லை, வாரக்கணக்கில் ஒப்பித்த அவளுக்கும் தோன்றவில்லை. நல்ல ஜோடி.

ஒயர் ஒரு பெரிய கொட்டகையின் பின்வாசலில் நுழைந்தது. அவளும் நுழைந்தாள். அது வீட்டுச் சாமான்கள் விற்கிற கொட்டகை. நுழைந்த இடத்திலேயே மெத்தைக் கடை. வெள்ளை வெள்ளையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் உப்பின மெத்தை.

"வாங்கம்மா, படுத்துப் பாருங்க. படுத்துப் பார்க்கக் காசா பணமா?" என்றான் விற்பனைக்காரன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கொட்டாவி வந்தது. ஒரு நிமிஷம், செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா முதுகைச் சாய்த்துப் பார்ப்போம், அப்புறம் முன்பக்கம் போய் ராட்டினம் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். பசி ருசி அறியாது, தூக்கம் சுகம் அறியாது என்பார்கள். அவளுடைய தூக்கம் அன்றைக்குச் சுகத்தையும் சேர்த்து அறிந்தது. தலை பட்டதுதான் தெரியும்.

விற்பனைக்காரன் எழுப்பவில்லை. கெட்டிக்காரன். வாயைத் திறந்து, ஊர் உலகம் மறந்து ஒருத்தி தூங்குகிறதைவிட மெத்தைக்கு வேறு என்ன விளம்பரம் வேண்டும்? வருகிறவர்களிடம் எல்லாம் அவளைக் காட்டி, "சத்தம் போடாதீங்க சார், நம்ம மெத்தைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல வியாபாரமாம் அன்றைக்கு.

ரெண்டு மணி நேரம் ஆனது. அவள் கண் விழிக்கவில்லை, உடம்பு விழித்துக்கொண்டது. எழுந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கனத்த மனிதர், லாரி முதலாளி, மெத்தை பார்க்க வந்தவர், கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தார். அவர் மனைவி விலை கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட்காரர் பெண்டாட்டி கண்ணை மூடியபடியே போய் அந்த மனிதரின் தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்தாள். முழங்காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்தாள். "மெதுவா, மெதுவா, அவ்வளவுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தனை பெரிய உடம்பை அலுங்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒன்று. குனிந்து, அவருக்கு அடியிலிருந்த விரிப்பைத் தடவிச் சுருக்கம் எடுத்தாள்.

"யாருடி நீ? என் வீட்டுக்காரரை என்னடி பண்றே?" என்று ஒரு அலறல்.

அப்போதுதான் அவள் விழித்தாள். கொட்டகை முழுக்க அவளையே பார்த்தது. கை இன்னும் விரிப்பின் மேல் இருந்தது. பேயறைந்த மாதிரி நின்றாள்.

"மன்னிச்சிடுங்க. எங்க வீட்டுல... அவருக்குத் திருப்பற நேரம். படுத்த படுக்கையா இருக்காரு. தூக்கத்துல தெரியல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லாரி முதலாளி சிரிக்கவில்லை. அவள் வைத்த மாதிரியே ஒருக்களித்துப் படுத்திருந்தார். "கத்தாத, சும்மா இரு," என்றார் மனைவியிடம். பிறகு அவளைக் கேட்டார், "எவ்வளவு நாளா பண்றீங்கம்மா?"

"மூணு வருஷமா."

"கண்ணை மூடிக்கிட்டே வருது."

அந்த மனைவி கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள். "குடிங்க. நான் சட்டுனு கத்திட்டேன்," என்றாள். அவள் குடித்தாள். அழுகை வந்தது. ஒரு கூட்டத்துக்கு நடுவில், விற்கிற கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்கள் முன்னால் அழுதாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆளைவிட்டுத் தப்பி வந்தும் அந்த வேலை தன்னை விடவில்லையே என்றுதான் இருக்கும்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. முன்பக்கம் போக நேரமில்லை. பஸ்ஸுக்கு ஓடினாள்.

வழி நெடுக அவளுக்குப் பயம். வீட்டில் ஒருவர் பகல் முழுக்க ஒரு கதைக்காகக் காத்திருப்பார். ராட்டினம் எவ்வளவு உயரம், வளைவில் எத்தனை நிறம் என்று கேட்டால் என்ன சொல்வது? இட்டுக்கட்டலாம் என்றால், விளக்குப் போட்டவரிடமே விளக்கைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா? ஒன்றும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன் என்றால் மனுஷன் மறுபடியும் விட்டத்தைப் படிக்கப் போய்விடுவார். திரும்பவும் 'ம்'. அதை நினைக்கத்தான் முடியவில்லை.

வீட்டில் நாத்தனார் பையைக் கட்டி வைத்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் தயாராக இருந்தாள்.

"ஒழுங்காத் திருப்பினீங்களா அண்ணி?"

"திருப்பினேன். ஒரு வார்த்தை பேசல உன் புருஷன். நான் கையை வெச்சா கண்ணை மூடிக்கறான், பல்லு பிடுங்க வந்த மாதிரி."

"மூணாவது கம்பத்துல திரும்பினியா?" என்றார் அவர். குரலில் அவசரம்.

"திரும்பினேங்க." சேலை நுனியை முறுக்கினாள். "ஆனா எல்லாமே பின்பக்கமாத்தான் இருந்தது. முன்பக்கம் நான் போகவே இல்லை."

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். "அட, ஆமா. நான் உனக்கு முன்பக்கம் சொல்லவே இல்லையே. எனக்கே தெரியாதே." பிறகு, "சரி, பின்பக்கம் என்ன பார்த்தே?"

அவள் பார்த்ததைச் சொன்னாள். எண்ணெய் டப்பா பக்கத்தில் குறட்டை விட்டவன், ஈரத்துணி, டீ குடித்த உடம்பில்லாத பெண். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருந்தாளா? எங்க காலத்துல இருந்தவளும் அப்படித்தான். அவளுக்கு உடம்பு இருக்குங்கறது ஊர்லயே எங்களுக்கு மட்டும்தான் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வேலைக்கு நான் சரியான ஆளு. மடக்கவே வேண்டாம்," என்றார்.

நாத்தனார் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்த தைரியத்தில் மெத்தைக் கடையையும் சொல்லிவிட்டாள். படுத்தது, தூங்கினது, எழுந்துபோய் லாரி முதலாளியைத் திருப்பினது, அவர் மனைவி போட்ட சத்தம் எல்லாம். நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"கண்ணைத் திறக்காமலேயா?"

"ஆமாங்க."

"தலையணை வெச்சியா?"

"வெச்சேன்."

"சுருக்கம்?"

"எடுத்தேன்."

அவர் விட்டத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும், முந்தானையில் தவறித் தைத்திருந்த சட்டைப் பொத்தானையும் அன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அக்கா," என்றார் அவர்.

"என்னடா?"

"இன்னைக்கு இங்கயே இரேன். காலைல போய்க்கலாம்."

"என் கை முரட்டுக் கைன்னு மூஞ்சியைச் சுளிச்சே?"

"சுளிச்சேன்தான். பழகிக்கறேன். வாரத்துல ஒரு நாளாவது வா. இவ தூங்கட்டும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ ஒண்ணும் பேசாத. உள்ள போய்ப் படு. கதவைச் சாத்திக்கோ," என்றார்.

உள்ளறையில் பாய் விரித்துப் படுத்தாள். பாய் மெத்தையல்ல, ஆனாலும் உடனே தூங்கினாள். வழக்கமான நேரத்துக்கு உடம்பு எழுந்தது. இருட்டில் நடந்து கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் விழிப்பு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் மேல பிடி, அக்கா. தோளுக்குக் கீழ."

"தெரியும்டா. வாயை மூடிக்கிட்டுத் திரும்பு."

"சுருக்கம் எடு."

"எடுக்கறேன். ஏன் கத்தறே?"

"கத்தலக்கா." அவர் குரல் இறங்கியது. "மெதுவாப் பேசு. அவ எழுந்துடப் போறா."

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.